நிற்கும்போது கொதிக்காத வண்டி

சாயங்காலம் வண்டியைப் பார்க்க ஆள் வருகிறார். அதற்குள் நான் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெரியம்மாவைக் கெடுத்தது நானா, இல்லையா?

பெரியம்மா என்பது எங்கள் வேனுக்கு அத்தான் வைத்த பெயர். உள்ளே படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ள பழைய கேம்பர் வேன். "உடம்பு பெருசு, நடை மெதுவு, மேடு வந்தா கோவம் வந்துடும். எங்க பெரியம்மாவை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றார் அக்காவின் கணவர். பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஊராரை ஏற்றி இறக்கியாயிற்று, இனி ஒரே ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு கடலோரம் முழுக்கச் சுற்றப் போகிறேன் என்று சொல்லித்தான் வேனை வாங்கினார். அந்த ஒரே பயணி அம்மா. அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். ஜன்னல் திரை, மெத்தை உறை எல்லாம் அவள் கையால் தைத்தவை.

மூன்று முறை கிளம்பினார்கள். மூன்று முறையும் பாலத்தைத் தாண்டி வரும் மேட்டில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய், முன்பக்கம் ஆவி பறக்க வண்டி நின்றது. என்னை வேலைக்கு இறக்கிவிட்டுப் போவதாகச் சொன்னதால் மூன்று முறையும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். மாலை வகுப்பில் வண்டி மெக்கானிக் வேலை படிக்கிறேன். அப்பாவிடம் கெஞ்சி, வேனின் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் புதியதை மாட்டியது நான்தான். இன்ஜின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிற சின்ன வால்வு அது. அதை நான் மாட்டுவதற்கு முன்பு வண்டி ஒரு நாளும் கொதித்ததில்லை.

போன வாரம் மூன்றாவது தடவை நின்றபோது, அத்தான் ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தியது. இன்னொன்றும் உறுத்தியது. அன்று காலை கிளம்புவதற்கு முன், அத்தான் வேனின் முன்னால் குனிந்து நின்றதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன்.

அப்பா முடி வெட்டப் போயிருந்த நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். வகுப்பில் சொல்லித் தந்தபடி, சுலபமானதில் தொடங்கி கஷ்டமானதுக்கு.

இன்ஜின் ஆறிக் கிடந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கழுத்துவரை இருந்தது, எண்ணெய் மிதக்கவில்லை. மூடியின் ரப்பர் வெடிக்கவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. ரப்பர் குழாய்களைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், கசிவில்லை. நான் எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பவள். இரண்டாவது தரம் பார்க்கும்போதுதான் சந்தேகம் கூடும். ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. வெளியே எல்லாம் சரி என்றால், உள்ளே மிச்சம் இருப்பது நான் மாட்டியது ஒன்றுதான்.

"என்ன இன்ஜினியரு, நோயாளி பிழைப்பாங்களா?"

அத்தான் கேட்டைத் திறந்து வந்துகொண்டிருந்தார். பழைய கட்டில் பீரோ வாங்கி விற்கிறவர். கடையில் இடம் போதவில்லை. வேன் நிற்கும் எங்கள் கொட்டகையின் மேல் அவருக்கு ஒரு கண் உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"சாயங்காலம் வர்றவன் கையோட அட்வான்ஸ் கொண்டு வர்றானாம். நடமாடும் டீக்கடை போடப் போறான். கொதிக்கிற வண்டின்னு சொன்னேன். அடுப்புச் செலவு மிச்சம்னு சிரிக்கிறான்."

நான் சிரிக்கவில்லை. "அத்தான், போன வாரம் கிளம்புற அன்னிக்கு வண்டிக்கு முன்னாடி குனிஞ்சு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"யாரு, நானா?"

"நீங்கதான்."

"பெரியவங்க ஊருக்குக் கிளம்புறாங்க, கால்ல விழுந்து கும்பிட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கை மட்டும் இடுப்புப் பக்கம் போய், பெல்ட்டில் செருகியிருந்த எதையோ சட்டையால் மூடியது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நல்லதாக இருந்தால், தண்ணீர் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்பே வாய் திறக்கும். கெட்டதாக இருந்தால் கொதித்தாலும் மூடியே கிடக்கும்.

"என் பால் பாத்திரத்துலயா?" என்றாள் அம்மா.

"கழுவித் தந்துடறேன்."

"கழுவினா போச்சா? இனி அதுல பால் காய்ச்சினா வண்டி வாசனைதான் வரும்."

நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். அம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தின் அடியில் குமிழ்கள் வந்தன. வால்வு மூடியே இருந்தது. குமிழ்கள் மேலே ஏறின. அப்போதும் மூடியே இருந்தது. நான் சாயங்கால ஆளை நினைத்தேன். அவர் கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன். நூலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினேன்.

வால்வு திறந்தது. மெல்ல, கொட்டாவி விடுவதுபோல.

"அம்மா, பாரு. திறக்குது. என் மேல தப்பில்ல."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, அடுப்பை அணை. கேஸ் வீணாகுது" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குப் போய்விட்டாள்.

என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையில் தேறியதற்கும் அவள் இவ்வளவு குறைவாகச் சந்தோஷப்பட்டதில்லை. ஏன்?

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, தண்ணீர் நிரப்பி, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். முள் நடுவில் வந்து நின்றது. ஃபேன் தானாகச் சுற்றியது, தானாக நின்றது. பெரியம்மாவுக்குக் கோபமே இல்லை.

அடுத்தது ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது. "அத்தான், நீங்களும் வாங்க" என்றேன். சந்தேகப்படுகிறவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டால், வேறெங்கும் கை வைக்க முடியாது.

பாலம் தாண்டினோம். அதே மேடு. நான் இரண்டாவது கியரில் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினேன். முள் நடுக்கோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது. உச்சியில் ஓரமாக நிறுத்தினேன்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு" என்றார் அத்தான். கொட்டகை கைவிட்டுப் போகிற குரல் அது.

நான் யோசித்தேன். நிற்கும்போது கொதித்தால் ஃபேன் கோளாறு. ஓடும்போது மட்டும் கொதித்தால், தண்ணீரோ காற்றோ போகிற வழியில் அடைப்பு. இன்று ஓடியும் கொதிக்கவில்லை. அப்படியானால் அன்று இருந்த அடைப்பு இன்று இல்லை. இயந்திரத்தில் தானாக வந்து தானாகப் போகிற அடைப்பு கிடையாது. வைக்க ஒரு கை வேண்டும், எடுக்க ஒரு கை வேண்டும்.

இறங்கி, முன்பக்கக் கிரில்லைக் கழற்றினேன். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம், மேலிருந்து மெல்லிசாக எதையும் சொருகிவிடலாம். கீழ் மூலையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். நனைந்து காய்ந்த அட்டைத் துண்டு. ரேடியேட்டர் முகத்தை அட்டையால் மூடினால் காற்று போகாது. நின்றால் தாங்கும், மேட்டில் தாங்காது.

"இதைத்தான் வெச்சீங்களா?"

"எதை?"

"அன்னிக்குக் குனிஞ்சு இதைத்தானே உள்ள சொருகினீங்க? உங்களுக்குக் கொட்டகை வேணும்."

அத்தான் முகம் மாறியது. பிறகு சட்டையைத் தூக்கி, பெல்ட்டில் இருந்ததை எடுத்துக் காட்டினார். அளவு டேப்.

"வண்டியோட அகலத்தை அளந்தேன். போதுமா? இது போயிட்டா அந்த இடத்துல எத்தனை பீரோ நிக்கும்னு ஒரு கணக்கு. அல்பம்தான், ஒத்துக்கறேன். ஆனா மாமா ஆசையா வாங்கின வண்டியில கை வைக்கிற அளவுக்கு நான் போகல. இப்படிக் குடு அதை."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு வளைவு போட்டிருந்தது.

"நீ பொறந்ததுலேருந்து இந்த வீட்ல இருக்க. நான் நேத்து வந்தவன். எனக்கே தெரியுது. இது அத்தையோட அட்டை."

எனக்கும் தெரிந்தது. சட்டையின் கைக்குழி வளைவு. அம்மா அளவு அட்டை வெட்டும்போது அப்படித்தான் கோடு போடுவாள்.

கிரில்லைத் திரும்ப மாட்டி, வண்டியைத் திருப்பினேன். பாலத்தின் மேல் வரும்போது அவர், "யார்கிட்டயும் உடனே கேட்டுடாத. கேட்டுட்டா, கொட்டின வார்த்தையை அள்ள முடியாது" என்றார். அப்படிப் பேசுகிறவராக அவரை நான் நினைத்ததே இல்லை. அதனாலேயே அதையும் சந்தேகப்பட்டேன்.

அம்மா சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். பின்சுவர் ஆணியில் அளவு அட்டைகள் வரிசையாகத் தொங்கின.

"அம்மா, பெரிய சைஸ் சட்டையோட முதுகு அட்டை எங்க?"

மிஷின் நிற்கவில்லை. "எலி கடிச்சிருக்கும்."

"முழு அட்டையையுமா?"

"பசி எடுத்தா எலி அளவா பாக்கும்?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பக்கத்திலேயே கத்தரிக்கோல் இருந்தது.

கேட்டில் அப்பாவின் சத்தம். அந்த நிமிஷம் நான் பொறுத்திருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக என் மேல் இருந்த பழி, சொல்லு சொல்லு என்று தள்ளியது.

"அப்பா, வண்டியை விக்க வேண்டாம். அந்த மேட்டையே ஏத்திட்டு வந்துட்டேன். முள் அசையல. நான் மாட்டினது சரியாத்தான் இருக்கு."

மிஷின் நின்றது.

அப்பாவின் முகத்தில் வரும் என்று நான் எதிர்பார்த்தது வரவில்லை. புதிதாக வெட்டிய முடியைத் தடவிக்கொண்டார். "கிரில்லைக் கழட்டினியா?" என்று கேட்டார்.

எத்தனையோ கேட்டிருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கேட்டிருக்கலாம், தண்ணீரைக் கேட்டிருக்கலாம். ஏன் கிரில்?

"இல்லப்பா" என்றேன். அத்தான் தரையைப் பார்த்தார்.

"அப்ப சரி. நாளைக்கு விடியக்காலை கிளம்பிடலாம்" என்றார் அப்பா. அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். அம்மாவும் அவரைப் பார்க்காமல் மிஷினை மறுபடி ஓட்டினாள். ஊசியின் கீழே துணி இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று தடவையும் ஆவி கிளம்பியதும் அப்பா சொன்னது ஒன்றேதான். "யாரும் இறங்காதீங்க, மூஞ்சில அடிச்சுடும்." அவர் மட்டும் இறங்கி முன்பக்கம் போனார். மூன்று தடவையும்.

வைத்தது அம்மாவா, எடுத்தது அப்பாவா? எதற்கு? கடலைப் பார்க்க வேண்டும் என்று வண்டி வாங்கியவர் ஒருவர். திரை தைத்தவள் ஒருத்தி. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் எனக்கு விடை வரவில்லை.

வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்ல அத்தான் போன் செய்தார், அந்த ஆள் எடுக்கவில்லை. சாயங்காலம் நேரில் வந்து நின்றார். தடித்த, சிரித்த முகக்காரர்.

"வந்தது வந்துட்டேன், சத்தத்தையாவது கேட்டுட்டுப் போறேனே."

அப்பா ஏறி உட்கார்ந்தார். வலது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இந்த வண்டி வந்த பிறகு வந்த பழக்கம் அது. பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஷூ போட்டுத்தான் ஓட்டினார். ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்கு முன் குனிந்து காலைப் பார்த்தார். பெடலுக்குக் கீழே விரித்த மிதியடி விலகியிருக்கிறதோ என்று நினைத்தேன். போன வாரம் சிக்னலில் பிரேக் போடும்போதும் அப்படித்தான் குனிந்தார், அப்போதும் மிதியடி என்றுதான் நினைத்தேன்.

இன்ஜினை நன்றாக உறுமவிட்டு நிறுத்தி, ஒற்றைச் செருப்போடு இறங்கி எங்களோடு வந்து நின்றார்.

"தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்குன்னு பாருங்க" என்று அத்தான் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். பழக்க தோஷம். விற்காத பொருளையும் புகழ்ந்துதான் ஆக வேண்டும்.

"தொடாதீங்க அத்தான், சூடு."

அதற்குள் திருகிவிட்டார். மூடி புஸ்ஸென்று சீறியது. வெந்நீர் கொப்பளித்து பம்பர் வழியாகச் சிமென்டுத் தரையில் ஓடியது. டீக்கடைக்காரர் ஒரு பக்கம் குதித்தார், அத்தான் இன்னொரு பக்கம் குதித்தார், நான் பின்னால் சாய்ந்தேன்.

அப்பா நின்றார்.

தண்ணீர் அவருடைய வெறும் காலைச் சுற்றி ஓடியது. விரல்களுக்கு நடுவிலிருந்து ஆவி வந்தது. அவர் எங்களைப் பார்த்தார். எங்கள் முகங்கள் எங்கே பார்க்கின்றன என்று பார்த்தார். அப்புறம்தான் கீழே பார்த்தார். அப்புறம்தான் காலை எடுத்தார். "ஸ்ஸ்" என்று சத்தமும் போட்டார். எல்லாம் கொஞ்சம் தாமதமாக.

வீட்டுக்குள்ளிருந்து அம்மா வாளித் தண்ணீரோடு வந்தாள். எந்தக் கால் என்று கேட்கவில்லை. நேராக வலது காலில் ஊற்றினாள்.

"வண்டி ஆறட்டும், நான் இன்னொரு நாள் வர்றேன்" என்று டீக்கடைக்காரர் நழுவினார். அத்தான் அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார். அப்பா கையை உதறிவிட்டு நடந்தார்.

அம்மா காலி வாளியோடு என் பக்கத்தில் நின்றாள்.

"எவ்வளவு நாளாம்மா?"

"பாத்ரூம்ல வெந்நீரைக் கவுத்துக்கிட்டாரு. கால் செவசெவன்னு கெடக்கு, அவர் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிட்டிருக்காரு. அன்னிக்குத் தெரிஞ்சுது, அந்தக் கால்ல உணர்ச்சியே இல்லேன்னு."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். பிரேக் மிதிக்கிறது கால்ல தெரியுதான்னு. பஸ்ஸுல ஒரு கீறல் விழாம ஓட்டினவன்கிட்ட கேக்குற கேள்வியான்னாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, ரெண்டு நாள் பேசல. அப்புறம் நீ ஒரு நாள் சாப்பிடும்போது வகுப்புப் பாடம் சொன்ன. ரேடியேட்டருக்குக் காத்து வரலேன்னா வண்டி தானா நின்னுடும்னு. சாதத்தை வெச்சு, அப்பளத்தை முன்னாடி நிறுத்திக் காட்டின."

அந்தச் சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் இருந்தார். இன்னொரு அப்பளம் கேட்டார்.

"என் மேல பழி வந்துச்சேம்மா. அத்தான் கேலி பண்ணினப்போகூட நீ வாயைத் திறக்கல."

"அழுதேன். உனக்குத் தெரியாது."

"அழுதுகிட்டே மூணு தடவை வெச்சியா?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நான் ஒரு தடவைதான் வெச்சேன். அதுக்கப்புறம் அட்டை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்ல."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வேனில் ஏறி, தொங்கிய சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டு மெத்தையைத் தூக்கினேன். அங்கே இருந்தது. தண்ணீர் பட்டு உப்பி, காய்ந்து, ஒரு மூலை கிழிந்த அட்டை. மூன்று ஓரங்கள் அம்மாவின் கத்தரிக்கோலில் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. நாலாவது ஓரத்தில், ரப்பர் குழாய் இடிக்காமல் இருக்க, யாரோ பிளேடால் முரட்டுத்தனமாக ஒரு வளைவு வெட்டியிருந்தார்கள். தையல் தெரியாத கை.

முதல் தடவை அந்த மேட்டில் ஆவிக்குள் நின்று அவர் இதை உருவி எடுத்திருப்பார். பென்சில் வளைவைப் பார்த்திருப்பார். தன் காலை நம்பி வண்டியில் வர அவள் எவ்வளவு பயப்படுகிறாள் என்று அப்போதே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் காலில் இல்லாமல் வண்டியில் இருக்கட்டும் என்று, அடுத்த இரண்டு தடவையும் அவரே வைத்துக்கொண்டார். நாளைக்கு வைக்க முடியாது. முள் அசையவில்லை என்று எல்லோர் முன்னாலும் நான் நிரூபித்துவிட்டேன்.

அட்டையோடு இறங்கினேன். வாசல் பக்கம் ஷூ சத்தம். அப்பா, இரண்டு காலிலும் ஷூ போட்டிருந்தார். வெந்த காலுக்கு மேல் சாக்ஸ் வேறு.

"சாவி உன்கிட்டதானே இருக்கு? குடு. பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன். விடியக்காலை கிளம்பணும்."

"நான் போட்டுட்டு வர்றேம்ப்பா."

"எனக்குத் தெரியாத ரோடா? குடு."

தெருவில் விளையாடுகிற பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பந்து ஒன்று எங்கள் கேட்டில் மோதித் திரும்பியது. அப்பா கையை நீட்டியபடி நின்றார். ஊரையே பத்திரமாக இறக்கிவிட்ட கை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நான் அந்தக் கையில் அட்டையை வைத்தேன்.

அவர் அதைக் கீழே போடவில்லை. என்ன இது என்றும் கேட்கவில்லை. பிளேடு வெட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு வேனின் படியில் மெதுவாக உட்கார்ந்து, என்னைத் தாண்டி, என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

அங்கே அம்மா வந்து நிற்கிறாள் என்பது திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.

"அட்டையை எப்ப பாத்தீங்க?" என்று கேட்டாள் அவள்.